அட்டவணையில் ஒன்றை மறைத்தால் மற்றவை ஏன் நகர்கின்றன?

இணையப் பக்கமொன்றில் நீளமான அட்டவணையும் அதன் மேலே ஒரு தேடல் பெட்டியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெட்டியில் எழுத்துகளைத் தட்டத் தட்டப் பொருந்தாத வரிசைகள் மறைந்து, பொருந்துகிறவை மட்டும் எஞ்ச வேண்டும். வரிசைகள் மறையத்தான் செய்கின்றன. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் நெடுவரிசைகளும் இடமும் வலமுமாக அசைகின்றன. பார்த்துக்கொண்டிருந்த எண் சட்டென்று வேறோர் இடத்துக்குப் போய்விடுகிறது, கண் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அடுத்த எழுத்து விழுந்து மறுபடியும் எல்லாம் நகர்கிறது. வாசகர் இதைக் குறையென்று சொல்லாமல் போகலாம், ஆனால் அந்தப் பக்கத்தில் எதையும் நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்க அவரால் முடியாது. அட்டவணை என்பதே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இருக்கிறது என்று நம்புகிறவன் என்பதால், இந்த அசைவை நான் அழகு சம்பந்தப்பட்ட சிறு குறையாக எண்ணுவதில்லை.

காரணம் எளிது, ஆனால் அதை முழுதாக உள்வாங்கிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் ஆகும். பக்கத்தில் உள்ள ஒரு பத்தியின் அகலத்தை அதைச் சுற்றியுள்ள பெட்டி தீர்மானிக்கிறது. பத்திக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது அந்த அகலத்தைப் பாதிப்பதில்லை. அட்டவணையின் நெடுவரிசை அப்படிப்பட்டதல்ல. அதன் அகலம் அதிலுள்ள எல்லாக் கட்டங்களும் சேர்ந்து எடுக்கும் முடிவு. ஆயிரம் வரிசைகள் இருந்தால் ஆயிரமாவது வரிசையில் உள்ள ஒரு நீளமான சொல்லுக்கும் முதல் வரிசையின் அகலத்தில் பங்கு உண்டு. ஆகவே அட்டவணையில் எதையாவது மறைக்கும்போது நாம் இரண்டு வெவ்வேறு காரியங்களில் ஒன்றைச் செய்கிறோம்: ஒன்று, அதைப் பார்வையிலிருந்து மட்டும் எடுக்கிறோம்; அல்லது அகலக் கணக்கிலிருந்தும் சேர்த்து எடுக்கிறோம். எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் மறைத்தால் உலாவி தானாக ஒன்றைத் தேர்ந்துகொள்ளும், பெரும்பாலும் அது நாம் விரும்பியதாக இருக்காது.

உலாவி போடும் அந்தக் கணக்கைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். ஒவ்வொரு கட்டத்துக்கும் உலாவி முதலில் இரண்டு அளவுகளை எடுக்கிறது. முறிக்கக்கூடிய இடத்திலெல்லாம் உரையை முறித்தால் எவ்வளவு குறுகலாக அடக்க முடியும் என்பது குறைந்தபட்ச அகலம். உரையை எங்கும் முறிக்காமல் ஒரே வரியாக விட்டால் எவ்வளவு நீளும் என்பது அதிகபட்ச அகலம். ஒரு நெடுவரிசையில் உள்ள கட்டங்களின் குறைந்தபட்ச அகலங்களில் பெரியது எதுவோ அது அந்த நெடுவரிசையின் குறைந்தபட்சம். அதிகபட்சத்துக்கும் அதே விதிதான். எல்லா நெடுவரிசைகளுக்கும் இவ்விரு எண்களும் கிடைத்த பிறகே இரண்டாம் சுற்றில் உண்மையான அகலம் பங்கிடப்படுகிறது. 1996 மே மாதத்தில் டேவ் ராகெட் எழுதிய ஆர்எஃப்சி 1942 என்ற ஆவணத்திலேயே இந்த இரண்டு சுற்று முறை விவரிக்கப்பட்டிருக்கிறது. பின்னர், பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸின் 2.1 விவரக்குறிப்பும் இதையே சொன்னது, ஆனால் கட்டாய விதியாகச் சொல்லவில்லை. உலாவிகள் வேறு முறையையும் கையாளலாம் என்று விட்டுவிட்டது. அரிதான சில நிலைகளில் உலாவிக்கு உலாவி சிறு வேறுபாடுகள் இன்றும் தென்படுவதற்கு அந்தத் தளர்வும் ஒரு காரணம்.

எண்களை வைத்தே பார்த்துவிடலாம். 900 பிக்சல் அகலமுள்ள இடத்தில், அகலம் 100 விழுக்காடு என்று அமைத்த ஓர் அட்டவணை இருக்கிறது. அதில் வரிசை எண், பெயர், குறிப்பு என மூன்று நெடுவரிசைகள். அவற்றின் அதிகபட்ச அகலங்கள் முறையே 60, 180, 360 பிக்சல்; கட்டங்களுக்கிடையே இடைவெளி இல்லை என்று கொள்வோம். கூட்டினால் 600 வருகிறது, 300 பிக்சல் மிச்சம். இந்த மிச்சத்தை உலாவி அந்தந்த நெடுவரிசையின் அதிகபட்ச அகலத்தின் விகிதத்தில் பிரித்துக் கொடுக்கிறது. ஆகவே திரையில் 90, 270, 540 என்று மூன்றும் நிற்கின்றன. இப்போது ஒரே ஒரு வரிசையை மறைக்கிறோம். தற்செயலாக அதில்தான் 360 பிக்சல் நீளமுள்ள குறிப்பு இருந்தது, மற்ற வரிசைகளின் குறிப்புகள் எல்லாம் 120க்குள் அடங்குபவை. புதிய கூட்டுத்தொகை 360. விகிதம் மாறுகிறது, 150, 450, 300 என்று நெடுவரிசைகள் மாறி நிற்கின்றன. மறைத்த வரிசைக்கும் வரிசை எண் நெடுவரிசைக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை, ஆனாலும் அது 90 பிக்சலிலிருந்து 150க்குப் போய்விட்டது. குறிப்பு நெடுவரிசையையே முழுதாக நீக்கினாலோ, மிஞ்சிய இரண்டும் 225, 675 என்று பரந்து விரிந்து, பெயருக்கும் எண்ணுக்கும் நடுவே தேவையில்லாத வெட்டவெளி உண்டாகும்.

அட்டவணைக்கு அகலமே சொல்லவில்லையென்றால் காட்சி வேறு. அப்போது அது தன் உள்ளடக்கத்துக்கு வேண்டிய அளவே விரியும். அதே வரிசையை மறைத்தவுடன் 600 பிக்சலிலிருந்து 360 பிக்சலுக்கு மொத்த அட்டவணையும் சுருங்கும். பக்கத்தின் நடுவில் வைக்கப்பட்டிருந்தால் இரண்டு பக்கமும் சுருங்குவதால் அசைவு இன்னும் கண்ணை உறுத்தும். இடம் குறைவான சிறு திரையில் மூன்றாவது விதம்: அங்கே பங்கிடுவதற்கு மிச்சம் இருக்காது, குறைந்தபட்ச அகலங்களே ஆட்சி செய்யும். முறிக்க முடியாத நீண்ட இணைய முகவரி ஒன்று எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அந்த நெடுவரிசை மற்றவற்றை நெருக்கும். அந்த வரிசை மறைந்ததும் நெருக்கம் தளர்ந்து மற்ற கட்டங்களில் உரை முறியும் இடங்களும் வரிகளின் எண்ணிக்கையும் மாறும். அகலம் மாறுவதால் உயரமும் மாறி, வாசகர் பார்த்துக்கொண்டிருந்த வரிசை மேலோ கீழோ நழுவிவிடும். இந்த இடத்தில் ஒரு நுணுக்கம் பயன்படும். நீண்ட சொல்லை முறிக்க ஓவர்ஃப்ளோ-ராப் என்ற பண்புக்குப் பிரேக்-வேர்ட் என்ற மதிப்பைத் தருவது வழக்கம். ஆனால் அது குறைந்தபட்ச அகலக் கணக்கைத் தொடுவதில்லை என்பதால் அட்டவணைக்குள் பலன் தருவதில்லை. எனிவேர் என்ற மதிப்பைத் தந்தால்தான் அந்தக் கணக்கும் சேர்ந்து குறையும்.

மறைக்கும் வழிகளில் எல்லோரும் முதலில் எடுப்பது டிஸ்ப்ளே பண்புக்கு நன் என்ற மதிப்பைத் தருவது. எச்டிஎம்எல்லின் ஹிட்டன் பண்புக்கூறும் இயல்பாக இதையேதான் செய்கிறது. இது பெட்டியையே உருவாக்காமல் விட்டுவிடுகிறது. ஆகவே மறைந்த பகுதிக்கு அகலக் கணக்கில் எந்தப் பேச்சும் இல்லை. ஒரு முழு வரிசையை இப்படி மறைத்தால் மேலே பார்த்த மறுபங்கீடு நடக்கும், அதற்கு மேல் தொல்லை இல்லை. தனிக் கட்டமொன்றை மறைத்தால்தான் சிக்கல். அந்த வரிசையில் அதற்கு வலப்புறம் உள்ள கட்டங்கள் எல்லாம் ஓரிடம் இடப்பக்கம் நகர்ந்து, பெயரின் கீழ் தொகையும் தொகையின் கீழ் தேதியும் வந்து நிற்கும். தலைப்புக்கும் கட்டத்துக்கும் இடையே உலாவி அறிந்த உறவு எதுவும் இல்லை. இடமிருந்து வலமாக எத்தனையாவது கட்டம் என்பதுதான் அதற்குத் தெரியும். எனவே ஒரு கட்டத்தின் மதிப்பைக் காட்டக்கூடாதென்றால் கட்டத்தை விட்டுவிட்டு, அதற்குள் இருக்கும் உரையைத்தான் மறைக்க வேண்டும்.

மறைத்த வரிசையைத் திரும்பக் காட்டும்போது நேரும் இன்னொரு கோளாறும் இதைச் சேர்ந்ததே. ஜாவாஸ்கிரிப்டில் டிஸ்ப்ளே மதிப்பைப் பிளாக் என்று எழுதிவிடுகிறார்கள். உடனே அது அட்டவணை வரிசை என்ற தகுதியை இழந்து சாதாரணப் பெட்டியாகிறது. உலாவி அதைச் சுற்றிப் பெயரற்ற ஒரு வரிசையையும் பெயரற்ற ஒரு கட்டத்தையும் தானே உருவாக்கி, உள்ளே இருந்த கட்டங்கள் அனைத்தையும் முதல் நெடுவரிசைக்குள் திணிக்கிறது. முதல் நெடுவரிசை வீங்குகிறது, மற்றவை ஒடுங்குகின்றன. 2009இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வெளிவரும் வரை அந்த உலாவிக்கு டேபிள்-ரோ என்ற மதிப்பே தெரியாது என்பதால், பிளாக் என்று எழுதும் பழக்கம் பழைய நிரல்களில் வேரூன்றிவிட்டது. இன்று அதற்குத் தேவையே இல்லை. வெற்றுச் சரத்தைக் கொடுத்து நாம் எழுதிய மதிப்பை அழித்துவிட்டால் போதும், வரிசை தன் இயல்பான நிலைக்குத் தானே திரும்பும். அல்லது ஒரு கிளாஸ் பெயரைச் சேர்ப்பதும் நீக்குவதுமாக வைத்துக்கொள்வது இன்னும் சுத்தமான வழி.

ஒரே கட்டத்தைப் பல வரிசைகளுக்கு நீட்டும் ரோஸ்பேன் உள்ள அட்டவணைகளில் வரிசையை மறைப்பதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும். ஒரு கட்டம் மூன்று வரிசைகளுக்கு நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றில் நடு வரிசையை டிஸ்ப்ளே நன் மூலம் நீக்கினால், பெட்டிகளின் கணக்கில் அந்த வரிசையே இல்லை. ஆனால் மூன்று வரிசை நீள வேண்டும் என்ற கட்டளை அப்படியே இருக்கிறது. ஆகவே அந்தக் கட்டம் அடுத்த குழுவின் முதல் வரிசைக்குள்ளும் இறங்கி, அங்குள்ள கட்டங்களை ஓரிடம் வலப்பக்கம் தள்ளிவிடும். தள்ளப்பட்ட கடைசிக் கட்டத்துக்கு இடமளிக்க அட்டவணையில் புதிய நெடுவரிசை ஒன்று முளைக்கும். அதற்கும் அகலத்தில் பங்கு போகும். மாறாக, அந்த மூன்றில் முதல் வரிசையை மறைத்தால் நீண்டிருந்த கட்டமே காணாமல் போய், அடுத்த இரண்டு வரிசைகள் இடப்பக்கம் சரியும். வடிகட்டும் வசதி வேண்டிய அட்டவணையில் ரோஸ்பேனைத் தவிர்த்து, குழுவின் பெயரை ஒவ்வொரு வரிசையிலும் திரும்ப எழுதிவிடுவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். அப்படி எழுதினால், வடிகட்டிய பிறகு தனித்து நிற்கும் வரிசையும் எந்தக் குழுவைச் சேர்ந்தது என்று தெளிவாகத் தெரியும்.

விசிபிலிட்டி பண்புக்கு ஹிட்டன் என்ற மதிப்பைக் கொடுப்பது டிஸ்ப்ளே நன் முறைக்கு நேர் எதிர். பெட்டி இருக்கும், இடம் இருக்கும், அகலக் கணக்கில் பங்கும் இருக்கும். கண்ணுக்கு மட்டும் தெரியாது. ஒபாசிட்டியைச் சுழியமாக்குவதும் அளவைப் பொறுத்தவரை அதே விளைவுதான், ஆனால் பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக்காட்டும் திரைவாசிப்பான் அந்த உரையைத் தொடர்ந்து படிக்கும் என்பதால் மறைப்பதற்கு அது பொருந்தாது. தனிக் கட்டத்தின் உள்ளடக்கத்தை மறைக்க விசிபிலிட்டி ஹிட்டன் மிக நன்றாக உதவும். வரிசையை மறைக்க உதவாது, ஏனெனில் அட்டவணையின் நடுவே வெற்றுப் பட்டைகள் நிற்கும்.

இவ்விரண்டுக்கும் நடுவில், அட்டவணைக்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு வழி உண்டு. விசிபிலிட்டி பண்புக்குக் கொலாப்ஸ் என்ற மதிப்பு 1998இல் வந்த சிஎஸ்எஸ் 2 விவரக்குறிப்பிலேயே இருக்கிறது. வரிசைக்கு இதைக் கொடுத்தால் வரிசை மறையும், அதன் உயரமும் போய் அடுத்த வரிசை மேலே ஏறும்; ஆனால் நெடுவரிசைகளின் அகலம் அந்த வரிசை இன்னும் இருப்பது போலவே கணக்கிடப்படும். நமது எடுத்துக்காட்டில் அந்த நீளமான குறிப்பு பார்வையிலிருந்து போனாலும் 90, 270, 540 என்ற அகலங்கள் அசையாமல் நிற்கும். தேடல் பெட்டியோடு கூடிய அட்டவணைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நினைத்துப் பார்ப்பது கடினம். அட்டவணை முழுவதையும் மறுபடி அளக்காமல் வரிசைகளை எடுக்கவும் வைக்கவும் வேண்டும் என்பதற்காகவே இதைச் சேர்த்ததாக அந்த விவரக்குறிப்பு காரணமும் சொல்கிறது. மேலும், இந்தப் பண்பு மரபுவழி இறங்குவதால், மறைந்த வரிசையிலிருந்து தொடங்கும் ரோஸ்பேன் கட்டமும் கண்ணுக்குத் தெரியாமல் போகும், ஆனால் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. கீழே உள்ள கட்டங்கள் சரிவதில்லை.

இவ்வளவு நல்ல ஏற்பாடு ஏன் பரவலாகப் பயன்படவில்லை என்றால், உலாவிகள் இதைச் சீராக நிறைவேற்றவில்லை என்பதே பதில். சில உலாவிகள் கொலாப்ஸை வெகுகாலம் ஹிட்டன் போலவே நடத்தி, வரிசை இருந்த இடத்தில் வெற்றிடத்தை விட்டன. நெடுவரிசைகள் விஷயத்தில் வேறுபாடு இன்னும் அதிகம். குரோமின் அட்டவணை எஞ்சின் முழுவதும் புதிதாக எழுதப்பட்டு 2021இல் 91ஆம் பதிப்போடு வந்த பிறகு நிலைமை மேம்பட்டிருக்கிறது. என்றாலும் உங்கள் வாசகர்கள் பயன்படுத்தும் உலாவிகளில் திறந்து பார்க்காமல் இதை நம்பி இறங்க வேண்டாம்.

நெடுவரிசையை மறைப்பது தனிக் கதை. எச்டிஎம்எல்லில் வரிசைக்கு டிஆர் என்ற உறுப்பு இருக்கிறது, கட்டங்கள் அதற்குள் பிறக்கின்றன. நெடுவரிசைக்கு உரிய கோல் என்ற உறுப்போ கட்டங்களைப் பெற்றெடுப்பதில்லை; பக்கவாட்டில் நின்று அகலத்தையும் பின்னணியையும் பரிந்துரைக்கிறது, அவ்வளவே. பின்னணி, அகலம், விசிபிலிட்டி, அடுத்தடுத்த கட்டங்களின் கோடுகள் ஒன்றாக ஒட்டிய முறையில் ஓரக்கோடு என்ற நான்கு பண்புகளே அதன்மேல் செல்லுபடியாகும். எனவே கோல் உறுப்புக்கு டிஸ்ப்ளே நன் என்று எழுதினால் நெடுவரிசை மறையாது. மறைவது அந்தப் பரிந்துரை மட்டும். அதோடு, அதற்கு அடுத்த கோல் உறுப்புகள் ஒவ்வொன்றும் ஓரிடம் முன்னே வந்துவிடுவதால், மூன்றாம் நெடுவரிசைக்கு நீங்கள் எழுதிய அகலம் இரண்டாவதன்மேல் போய் விழும். பார்ப்பதற்கு எந்தத் தொடர்பும் இல்லாத நெடுவரிசைகள் திடீரென்று அளவு மாறியிருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கோல் உறுப்புக்கு விசிபிலிட்டி கொலாப்ஸ் கொடுத்தால் விவரக்குறிப்பின்படி நெடுவரிசை மறைய வேண்டும், மற்றவற்றின் அகலம் மாறக்கூடாது. நமது அட்டவணையில் குறிப்பு நெடுவரிசையை இப்படி மறைத்தால் 90, 270 என்ற இரண்டும் அப்படியே இருக்க, அட்டவணை மொத்தமும் 360 பிக்சலாகக் குறுகும். பல இடங்களில் இதுவும் நமக்கு வேண்டியதல்ல. நடைமுறையில் பெரும்பாலோர் செய்வது, தலைப்பு வரிசையிலும் மற்ற எல்லா வரிசைகளிலும் இடமிருந்து குறிப்பிட்ட இடத்தில் உள்ள கட்டங்களை ஒரே விதியால் டிஸ்ப்ளே நன் ஆக்குவது. எல்லா வரிசைகளிலும் ஒரே கட்டம் போவதால் சரிவு நேராது. இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். அந்த நெடுவரிசைக்கு உரிய கோல் உறுப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். தலைப்பில், ஒரு கட்டத்தைப் பல நெடுவரிசைகளுக்கு நீட்டும் கோல்ஸ்பேன் இருந்தால் அதன் எண்ணையும் குறைக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று நெடுவரிசைகளை மூட வேண்டிய தலைப்பின் கீழ் இரண்டே இருக்கும், அடுத்த தலைப்பு தன் நெடுவரிசையை விட்டு விலகி நிற்கும். இந்த எண்ணைச் சிஎஸ்எஸால் மாற்ற முடியாது. ஜாவாஸ்கிரிப்ட்தான் மாற்ற வேண்டும்.

அகலங்களை அசையாமல் நிறுத்த நம்பகமான வழி, டேபிள்-லேஅவுட் பண்புக்கு ஃபிக்ஸ்ட் என்ற மதிப்பு. இந்த முறையில் உலாவி உள்ளடக்கத்தை அளப்பதே இல்லை. முதலில் கோல் உறுப்புகளில் எழுதிய அகலத்தை எடுத்துக்கொள்ளும். அது இல்லாத நெடுவரிசைக்கு முதல் வரிசையின் கட்டத்தில் எழுதிய அகலத்தை. அதுவும் இல்லையென்றால் மிச்ச இடத்தைச் சமமாகப் பிரித்துக் கொடுக்கும். இரண்டாம் வரிசை தொடங்கிக் கடைசி வரை எதை மறைத்தாலும் எதைக் காட்டினாலும் அகலம் மாறாது. ஆயிரக்கணக்கான வரிசைகள் உள்ள அட்டவணையில் இது வேகத்துக்கும் உதவும், ஏனெனில் முதல் வரிசை வந்தவுடனேயே உலாவி வரையத் தொடங்கலாம். அட்டவணையின் அகலத்தை வெளிப்படையாக எழுதியாக வேண்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். அகலம் ஆட்டோ என்று இருந்தால் ஃபிக்ஸ்ட் என்ற சொல்லை உலாவி பொருட்படுத்தாமல், உள்ளடக்கத்தை அளக்கும் பழைய ஆட்டோ முறைக்கே போகும்.

ஆனால் இங்கேயும் மறைத்தல் ஒரு வாசல் வழியே நுழைந்துவிடும். முதல் வரிசை என்று உலாவி கருதுவது பெட்டி உள்ள முதல் வரிசையை. தனித் தலைப்பு வரிசை இல்லாத அட்டவணையில் முதல் வரிசையின் கட்டங்களில் அகலத்தை எழுதியிருந்து, தேடலில் அந்த வரிசையே மறைந்துவிட்டால், இரண்டாம் வரிசை முதல் வரிசையாகி, அதில் அகலம் எதுவும் எழுதப்படாததால் எல்லா நெடுவரிசைகளும் சம அளவுக்குத் தாவும். ஆகவே ஃபிக்ஸ்ட் முறையில் அகலங்களைக் கோல் உறுப்புகளில் எழுதுவதையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன். அவற்றை எந்தத் தேடலும் தொடுவதில்லை.

உள்ளடக்கத்துக்கு ஏற்ற அகலமும் வேண்டும், பிறகு அது அசையவும் கூடாது என்றால் இரண்டு முறைகளையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தலாம். எல்லா வரிசைகளும் தெரியும் நிலையில் ஆட்டோ முறையில் உலாவியையே கணக்குப் போட விட்டு, தலைப்புக் கட்டங்களின் அகலத்தை ஜாவாஸ்கிரிப்டால் அளந்து, அவற்றை விழுக்காடாக மாற்றிக் கோல் உறுப்புகளில் எழுதி, அதன் பிறகு ஃபிக்ஸ்டுக்கு மாற வேண்டும். அளப்பதற்கு முன் இணைய எழுத்துரு வந்து சேர்ந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று அகலத்தில் நிறையவே வேறுபடுவதால், மாற்று எழுத்துருவில் எடுத்த அளவு பிறகு பொருந்தாது. பிக்சலாக எழுதாமல் விழுக்காடாக எழுதுவது சாளரத்தின் அளவு மாறும்போது கைகொடுக்கும். திரையில் தெரியும் வரிசைகளை மட்டும் உருவாக்கி, உருட்ட உருட்ட மற்றவற்றை மாற்றிவைக்கும் அட்டவணைகளுக்கு இந்த ஏற்பாடுகூடப் போதாது. அங்கே எல்லா வரிசைகளும் ஒருசேர இருக்கும் தருணமே வருவதில்லை. அவற்றுக்குத் தரவைப் பார்த்து அகலத்தை முன்கூட்டியே தீர்மானித்துவிடுவதுதான் வழி.

எனக்கு மிகவும் சுவையாகப் படும் நிலை, விரியும் வரிசை. ஒரு வரிசையைச் சொடுக்கினால் அதன் கீழ் விவர வரிசை ஒன்று திறக்கும். அதில் எல்லா நெடுவரிசைகளுக்கும் சேர்த்து நீளும் ஒரே கட்டம் இருக்கும். திறந்தவுடன் மேலே உள்ள நெடுவரிசைகள் எல்லாம் குலுங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். விவரக் கட்டம் எந்த நெடுவரிசைக்கும் தனியாகச் சொந்தமில்லை என்பதால் அது யாருடைய அகலத்திலும் தலையிடாது என்று தோன்றும், ஆனால் உலாவி அப்படி விடுவதில்லை. நீண்ட கட்டத்துக்கு வேண்டிய அகலம், அது மூடியிருக்கும் நெடுவரிசைகளின் கூட்டு அகலத்தைவிடப் பெரிதாக இருந்தால், எஞ்சிய தேவையை அந்த நெடுவரிசைகளின்மேல் பிரித்துப் போடுகிறது. விவரத்துக்குள் ஒரு நீண்ட பத்தி இருந்தால் அதன் அதிகபட்ச அகலம் சில ஆயிரம் பிக்சல்களாகக்கூட இருக்கும். அது நெடுவரிசைகளின் பழைய விகிதத்தைக் கலைத்துவிடும்.

ஃபிக்ஸ்ட் முறையில் இந்தத் தொல்லை இல்லை. ஆட்டோ முறையிலேயே இருக்க வேண்டுமென்றால், கட்டத்துக்குள் டிவ் என்ற பொதுவான பெட்டி ஒன்றை வைத்து, விவரம் அனைத்தையும் அதற்குள் போட்டு, அந்த டிவ்வுக்குக் கன்டெய்ன் பண்பில் இன்லைன்-சைஸ் என்ற மதிப்பைத் தர வேண்டும். உள்ளே எவ்வளவு உரை இருந்தாலும் வெளிக்கணக்கில் தன் அகலத் தேவை சுழியம் என்று அந்த டிவ் அறிவிக்கும்; நெடுவரிசைகள் தம் பழைய அகலத்திலேயே முடிவான பிறகு, கிடைத்த இடம் முழுவதையும் நிரப்பிக்கொள்ளும். 2022இல்தான் இந்த மதிப்பு முக்கிய உலாவிகளில் பரவலாக வந்தது. அதற்கு முந்தைய உலாவிகளுக்கு, டிவ்வின் அகலத்தைச் சுழியமாகவும் அதன் குறைந்தபட்ச அகலத்தை 100 விழுக்காடாகவும் எழுதும் பழைய உத்தி இதே பலனைத் தரும். கட்டத்தின்மேலேயே நேரடியாகக் கன்டெய்ன் எழுதக்கூடாது. அட்டவணையின் உட்பெட்டிகளுக்கு அளவு அடக்கம் பொருந்தாது என்று விவரக்குறிப்பே விலக்கி வைத்திருக்கிறது. அதேபோல, கட்டத்துக்கு மேக்ஸ்-விட்த் எழுதி அகலத்தைக் கட்டுப்படுத்தும் வழக்கம் நடைமுறையில் பலன் தந்தாலும், அட்டவணைக் கட்டங்களில் அதன் விளைவு வரையறுக்கப்படவில்லை என்று சிஎஸ்எஸ் 2.1 வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. கன்டெய்ன் இருக்கும்போது அதை நாட எனக்கு மனம் வருவதில்லை.

உயரத்தைப் பற்றி ஒரு சொல். அட்டவணைக்கு ஹைட் எழுதினால் அது குறைந்தபட்ச உயரமாகவே எடுத்துக்கொள்ளப்படும். 400 பிக்சல் என்று எழுதிய அட்டவணையில் தேடலுக்குப் பின் இரண்டே வரிசைகள் மிஞ்சினால், அவ்விரண்டும் அந்த 400 பிக்சலைப் பங்கிட்டுக்கொண்டு பூதாகரமாக நிற்கும். உயரத்தை வெளியே உள்ள பெட்டிக்கு எழுதிவிட்டால் தீர்ந்தது.

நெடுவரிசைகளை மறைக்கும் வசதி தரும்போது, திரைவாசிப்பான் பயன்படுத்துவோரின் கணக்கு கலையாமல் பார்த்துக்கொள்வதும் இதே வேலையின் பகுதிதான். ஏரியா-கோல்கவுன்ட் என்ற பண்புக்கூற்றில் மொத்த நெடுவரிசைகளின் எண்ணிக்கையையும், கட்டங்களில் ஏரியா-கோல்இன்டெக்ஸ் மூலம் அவற்றின் உண்மையான இடத்தையும் சொல்லிவிட்டால், எட்டில் ஐந்தாவது நெடுவரிசையில் இருக்கிறோம் என்பது கேட்பவருக்கும் தெரியும்.

எந்த நிலையில் எதைத் தேர்வது என்று என்னைக் கேட்டால், வாசகர் என்ன செய்துகொண்டிருக்கும்போது மறைகிறது என்பதைப் பார்க்கச் சொல்வேன். தட்டச்சு செய்யும்போதும், வரிசையை விரிக்கும்போதும் அவர் கண் அட்டவணைக்குள் ஓரிடத்தில் நிலைத்திருக்கிறது. அப்போது அகலம் ஒரு பிக்சல்கூட மாறக்கூடாது. நெடுவரிசைகளைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் திறந்து ஒன்றை நீக்கும்போதோ, அட்டவணை மாறப்போகிறது என்று அவருக்கே தெரியும். அங்கே எஞ்சியவை விரிந்து இடத்தை நிரப்புவதுதான் சரி. முதலாவதற்கு ஃபிக்ஸ்ட் முறையும் கோல் உறுப்புகளும், இரண்டாவதற்கு எல்லா வரிசைகளிலும் கட்டத்தை நீக்கும் விதியும், நீக்கியபின் கோல் அகலங்களை மறுபடி எழுதுவதும் போதும்.

சோதிக்கும்போது ஒரே அளவான மாதிரித் தரவை வைத்துப் பார்த்தால் இந்தக் குறைகளில் ஒன்றும் வெளிப்படாது. ஒரு நெடுவரிசையின் மிக நீளமான, முறிக்க முடியாத சொல்லை ஒரே ஒரு வரிசையில் மட்டும் வைத்து, சாளரத்தைப் பாதியாகக் குறுக்கி, தலைப்புக் கட்டங்களின் அகலத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு அந்த வரிசையை மறைத்துப் பாருங்கள். எண்கள் மாறியிருந்தால் அட்டவணை இன்னும் ஆட்டோ கணக்கில்தான் இருக்கிறது.